டைனமோ றேடியோவும் ஒரு தேசாதிபதியும்

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றினால் பின்சில்லு ஓடும். சில்லோடு உரசுகிற டைனமோவிலிருந்து இரண்டு வயர் றேடியோவுக்குப் போகும். தொண்ணூறுகளில் வன்னிக்குள் பற்றரி கொண்டுவரத் தடை. அதனால் முல்லைத்தீவுக் கரையில் எங்கள் வீட்டில் றேடியோ கேட்பதென்றால் ஒருவர் சுற்ற வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். சுற்றுவது பெரும்பாலும் நான்தான். ஒரே சீராகச் சுற்ற வேண்டும். கை தளர்ந்தால் குரல் மங்கிவிடும், அவசரப்பட்டால் இரையும்.

அப்பாவுக்கு மற்றச் செய்திகளில் பாதிக் காதுதான். கடைசியில் வருகிற வானிலை அறிக்கைக்குத்தான் றேடியோவோடு தலையை ஒட்டிக்கொள்வார். "பிள்ளை, விட்டிடாதை, இப்பதான் சொல்லப்போறான்" என்பார். திருகோணமலையிலிருந்து முல்லைத்தீவு ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்புகளில் என்று தொடங்கும்போது என் தோள்மூட்டு எரியத் தொடங்கியிருக்கும். ஆனாலும் விட மாட்டேன். சண்டைச் செய்தி தவிர்த்து எங்கள் ஊரின் பெயர் றேடியோவில் வந்தது அந்த ஒரு வரியில்தான்.

கடலுக்குப் போகவே ஆயிரம் தடை இருந்த காலம் அது. கரையை ஒட்டிப் போய் வருகிற சின்னத் தொழிலுக்கு இவ்வளவு கவனமா என்று அம்மாகூடக் கேட்டிருக்கிறார். அப்பாவுக்குக் காரணம் இருந்தது. அவருடைய அண்ணன், என் பெரியப்பா, 1964 மார்கழிப் புயலில் போனவர். தனுஷ்கோடியைத் துடைத்துப்போட்ட அதே புயல்தான். எங்கள் பக்கத்தைக் கடந்துதான் அது அங்கே போனது. அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. "முதல் நாள் காத்தே இல்லை. அலை மட்டும் நீட்டி நீட்டி வந்தது. ஒருதரும் ஒண்டும் சொல்லேல்லை பிள்ளை." இந்தக் கதையை எத்தனை தரம் சொன்னாலும் முடிவது அந்த வரியில்தான். ஒருதரும் சொல்லேல்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் தம்பி. அவன் லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்கிறான். சில வருடங்களுக்கு முன் எனக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினான். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குக் கிட்ட பிபிசி றேடியோவில் ஓர் அம்மா நிதானமாகக் கடற்பரப்புகளின் பெயர்களை வரிசையாக வாசிக்கிறார். டோகர், பிஷர், பிஸ்கே, பிட்ஸ்ரோய், சோல். ஒவ்வொன்றுக்கும் காற்று எங்கிருந்து, எவ்வளவு வேகம், மழை உண்டா, கடல் எப்படி. பின்னால் தம்பியின் குரல்: "அக்கா, நீ சைக்கிள் சுத்த அப்பா கேட்டது மாதிரியே இருக்கு. எல்லாம் இடத்தின்ர பேர் எண்டு நினைச்சன். இந்த பிட்ஸ்ரோய் மட்டும் ஓர் ஆளின்ர பேராம்."

நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறேன். வளியமுக்கம், சூறாவளி, பாரமானி எல்லாம் வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவள். இந்தப் பெயர் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தேடிப் படிக்கத் தொடங்கி இன்னும் முடித்தபாடில்லை.

முதலில் தடக்கியது ஒரு சொல்லில். தேசாதிபதி, அதாவது குடியேற்ற நாட்டை ஆள அனுப்புகிற ஆளுநர். றொபேட் பிட்ஸ்ரோய் கடற்படைக் கப்டனாக இருந்து நியூசிலாந்துத் தீவுகளின் தேசாதிபதியானவர். வன்னியில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் இனிக்காது. ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட கற்சிலைமடுவில், 1803 ஒக்டோபர் 31இல் வன்னி மன்னன் பண்டாரவன்னியனைக் கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்த இடம் என்று வெள்ளைக்காரர் நட்ட கல்லைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். வென்றவன் எழுதி வைத்த கல். அப்படி ஒரு மனத்தோடுதான் இந்த மனிதரிடமும் போனேன்.

பிறப்பு 1805இல். பிரபு குடும்பம், இரண்டாம் சார்ள்ஸ் அரசனின் வழித்தோன்றல். பன்னிரண்டு வயதில் கடற்படைக் கல்லூரி. இருபத்துமூன்று வயதில் பீகிள் என்ற சிறிய அளவைக் கப்பல் அவர் கைக்கு வந்தது. தென்னமெரிக்காவின் தென்முனைக் குளிரிலும் தனிமையிலும் மனமுடைந்து முந்தின தளபதி தன் உயிரை மாய்த்துக்கொண்டதால் வந்த பதவி அது.

பொறுப்பெடுத்து இரண்டு மாதமும் ஆகவில்லை. 1829 ஜனவரியில், உருகுவேயின் மால்டொனாடோ கரைக்குக் கிட்ட, காற்றின் அமுக்கத்தை அளக்கிற பாரமானி இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கினால் புயல் வரலாம் என்று அர்த்தம். கப்பல் அதற்கேற்பத் தயாராக இல்லை. பாம்பேரோ என்று அங்கே சொல்கிற சூறைக்காற்று வந்து அடித்தது. பாய்மரங்கள் முறிந்தன, கப்பல் சரிந்தது, இரண்டு மாலுமிகள் கடலோடு போனார்கள். பாரமானி சொன்னதைக் கேட்காமல் விட்டது தன் பிழை என்றே அவர் அதை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கிற பாதரசத்தை அவர் அசட்டை செய்யவில்லை. அவருடைய மீதி வாழ்க்கை முழுக்க அந்த இரண்டு மாலுமிகளிடமிருந்தே தொடங்குகிறது என்று எனக்குப் படுகிறது. எங்கள் அப்பாவின் வாழ்க்கை பெரியப்பாவிடமிருந்து தொடங்கியதுபோல.

அடுத்து வருவதை என்னால் இலேசாகக் கடக்க முடியவில்லை. தியரா டெல் ஃபுவேகோ தீவுகளில் அவருடைய படகு ஒன்றை அந்த ஊர் மக்கள் எடுத்துப் போய்விட்டார்கள். திருப்பி வாங்குவதற்கென்று அவர் ஆட்களைப் பிணையாகப் பிடித்தார். படகு கிடைக்கவில்லை. கடைசியில் நான்கு பேரை 1830இல் இங்கிலாந்துக்கே கொண்டுபோனார். அதில் ஒன்பது பத்து வயதுச் சிறுமி ஒருத்தி. ஒரு பையனுக்கு விலையாக ஒரு சிப்பிப் பொத்தான் கொடுக்கப்பட்டதாம். அதனால் அவனுக்கு ஜெமி பட்டன் என்றே பெயராயிற்று. ஒருவர் போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் பெரியம்மையில் இறந்தார். மற்ற மூவரையும் படிப்பித்துத் திருப்பிக் கொண்டுபோய் விட்டதைப் பெருந்தன்மை என்று எழுதியிருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரக் கொட்டகையில் வருடக்கணக்காக இருக்கிற தாய்மாரை நான் பஸ்ஸில் கடந்து போகிறவள். பிடித்துக்கொண்டு போனவர் நல்ல மனத்தோடு செய்தார் என்பது வீட்டில் காத்திருந்தவர்களுக்கு எந்த ஆறுதலும் இல்லை.

அந்த மூவரைத் திருப்பிக் கொண்டுபோன பயணம்தான் உலகத்துக்குத் தெரிந்த பயணம். 1831 டிசம்பர் 27இல் புறப்பட்டு 1836 ஒக்டோபரில் முடிந்தது. தனிமையில் முந்தின தளபதிக்கு நேர்ந்தது தனக்கும் நேரக்கூடாது என்று பேச்சுத்துணைக்கு ஒரு படித்த இளைஞரைத் தேடினார் பிட்ஸ்ரோய். வந்தவர் சார்ள்ஸ் டார்வின். அந்தக் கதை எல்லோரும் அறிந்தது. எனக்குப் பிடித்தது கப்பலில் அவர் ஏற்றிய 22 கடல் மணிக்கூடுகள். அதில் சிலதைத் தன் சொந்தக் காசில் வாங்கினார். கிழக்கு மேற்காக எங்கே நிற்கிறோம் என்கிற நெட்டாங்கை மணிக்கூட்டை வைத்துத்தான் கணக்கிட்டார்கள். அந்த நெட்டாங்கு பிழைத்தால் கல்லில் மோதுகிறவன் வரைபடத்தை நம்பி வருகிற மாலுமி அல்லவா.

இனி நியூசிலாந்து. முதல் தேசாதிபதி ஹொப்சனும் கடற்படை ஆள்தான். 1842இல் பதவியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். பிட்ஸ்ரோய் 1843 டிசம்பரில் ஓக்லண்டில் இறங்கியபோது கஜானா காலி. அதைவிடப் பெரிய சிக்கல், ஆறு மாதத்துக்கு முன் தென்தீவில் நடந்திருந்தது. வைராவு என்ற சமவெளியைத் தாங்கள் வாங்கிவிட்டதாகக் குடியேற்றக் கம்பனி சொன்னது. விற்கவே இல்லை என்றார் அந்தத் தீவுகளின் பூர்வீக மக்களான மாவோரிகளின் தலைவர் தெ ரவுபராஹா. விசாரணை முடியும் முன்னரே கம்பனி நில அளவையாளர்களை அனுப்பியது. தெ ரவுபராஹாவின் ஆட்கள் அளவைக்காரரின் சாமான்களைக் கவனமாக வெளியே எடுத்து வைத்துவிட்டு, தங்கள் நிலத்து மரத்தாலும் புல்லாலும் கட்டிய கொட்டிலை எரித்தார்கள். உடனே கம்பனிக்காரர் கைவிலங்கோடும் துப்பாக்கியோடும் தலைவரைப் பிடிக்கப் போனார்கள். ஒரு வெடி தீர்ந்தது. தலைவரின் உறவினர் ரங்கிஹையாட்டாவின் மனைவி தெ ரோங்கோ செத்துப்போனார். அதற்குப் பழியாக, சரணடைந்த வெள்ளையர்களையும் வெட்டினார்கள். வெள்ளையர் தரப்பில் மட்டும் 22 பேர் இறந்தார்கள்.

நில அளவைக் கட்டையும் எல்லைக்கல்லும் ஓர் ஊரை என்ன பாடு படுத்தும் என்று வன்னி ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காடு வளர்ந்துவிட்டது என்பதற்காக வயல் காடாகிவிடாது. எங்கள் சித்தப்பாவின் காணிக்குள் ஒரு காலைப்பொழுதில் யாரோ நட்டுவிட்டுப் போன சீமெந்துக் கட்டையைச் சுற்றி, ஐந்து வருடம் நாங்கள் கந்தோர் கந்தோராக அலைந்திருக்கிறோம். கதிரையில் இருந்த எவரும் ஒரு தடவையாவது அந்த இடத்துக்கு வந்து, "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்" என்று கேட்கவில்லை.

பிட்ஸ்ரோய் கேட்டார். 1844 பெப்ரவரியில் வைகனே என்ற கரையூருக்குத் தானே போனார். நூற்றுக்கணக்கான மாவோரிகள் கூடியிருந்தார்கள். என் நண்பர்களைக் கொன்றுவிட்டீர்கள் என்று கோபத்தை முதலில் சொன்னார். பிறகு தெ ரவுபராஹாவைப் பேசச் சொன்னார். நிலத்தின் கதை, கொட்டில், கைவிலங்கு, வெடி, தெ ரோங்கோ, எல்லாவற்றையும் அவர் வாயாலேயே கேட்டார். கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். சரணடைந்தவர்களைக் கொன்றது பெரும் குற்றம். ஆனால் முதல் பிழை வெள்ளையருடையது. அந்த நிலத்தில் அவர்களுக்கு உரிமை இல்லை. ஆகவே பழிவாங்கலுக்கு நான் வர மாட்டேன்.

அந்தப் பக்கத்தை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. 1844இல், அந்த உடுப்போடு, தன் சொந்த இனத்தார் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் இதைச் சொன்னாரா? சொன்னார். குடியேறியவர்கள் அவரை ஒருநாளும் மன்னிக்கவில்லை. தரனாக்கியில் கம்பனிக்கு 60,000 ஏக்கர் சேர வேண்டும் என்று காணி உரிமையை விசாரித்த ஆணையாளர் எழுதிய முடிவையும் அவர் ஏற்கவில்லை. பழைய உடைமைக்காரர் திரும்பி வந்து நிற்கிறார்கள் என்றார். கம்பனியின் செல்வாக்கு லண்டன் பாராளுமன்றம் வரை நீண்டிருந்தது. அவரைக் கவிழ்க்க அதுவே போதும்.

அவரும் பிழை விட்டார், அதையும் எழுதத்தான் வேண்டும். சம்பளம் கொடுக்கக் காசில்லாமல், மேலிடத்து அனுமதி இல்லாமலே கடதாசிக் காசு வெளியிட்டார். மாவோரி நிலத்தை அரசு மட்டுமே வாங்கலாம் என்ற கட்டுப்பாட்டைத் தளர்த்தி, ஏக்கருக்குப் பத்து ஷில்லிங் கட்டணத்தோடு எவரும் நேரே வாங்கலாம் என்றார்; சில மாதத்தில் கட்டணத்தை ஒரு பென்னிக்கு இறக்கினார். மாவோரிகளைக் காக்க நினைத்தவர், தரகர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். வடக்கே ஹோனே ஹெகே என்ற தலைவர் கொரொராரெகா என்ற ஊரில் பிரித்தானியக் கொடிக்கம்பத்தைத் தறித்தார். நட்டார்கள். மறுபடியும் தறித்தார். 1845 மார்ச்சில் நாலாந்தரம் தறித்தபோது ஊரே எரிந்தது, யுத்தம் வந்தது. அந்த வருட முடிவில் பிட்ஸ்ரோயைத் திருப்பி அழைத்துவிட்டு வேறொருவரை அனுப்பினார்கள். இரண்டு வருடம்கூட முழுதாக இல்லை. தீவுகளை ஆண்டவர் என்று யாரும் அவரைக் கொண்டாடுவதில்லை.

நான் கொண்டாடுவது அதற்குப் பிறகு வந்த மனிதரை. 1854இல், கடலில் வானிலைக் கணக்கெடுக்க லண்டனில் ஒரு சிறிய கந்தோர் திறந்து, இரண்டு மூன்று எழுதுவினைஞர்களோடு அவரை அமர்த்தினார்கள். வேலை, கப்பல் கப்டன்மாருக்குக் கருவிகளைக் கொடுத்து அவர்களுடைய பதிவுகளைச் சேர்ப்பது மட்டும்தான். எதிர்வுகூறு என்று எவரும் அவரிடம் கேட்கவில்லை. 1859 ஒக்டோபரில் அவுஸ்திரேலியாவிலிருந்து வீடு திரும்பிய றோயல் சார்ட்டர் என்ற கப்பல், வேல்ஸின் அங்கிள்சி கரையில் புயலில் மோதிச் சிதறியது. நானூறுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். அந்தப் புயல் தெற்கிலிருந்து ஊர் ஊராக ஏறி வந்ததைப் பதிவுகளை அடுக்கிப் பார்த்து அவர் காட்டினார். தந்திக் கம்பி புயலைவிட வேகமாகப் போகும் அல்லவா? அப்படியானால் முன்னாலே சொல்லலாமே.

1861 பெப்ரவரியில் எச்சரிக்கை தொடங்கியது. காலையில் கரையோர நிலையங்களிலிருந்து அமுக்கமும் காற்றும் வெப்பமும் தந்தியில் லண்டனுக்கு வரும். ஆபத்தென்றால் துறைமுகங்களுக்குத் தந்தி திரும்பிப் போகும். உடனே கம்பத்தில் கறுப்புக் கன்வஸ் கூம்பு ஒன்றை ஏற்றுவார்கள். முனை மேலே பார்த்தால் வடக்கிலிருந்து பலத்த காற்று, கீழே பார்த்தால் தெற்கிலிருந்து. மேளம் போன்ற உருளை ஏறினால், ஒன்றன்பின் ஒன்றாகத் திசை மாறி அடிக்கப் போகிறது. இரவில் அதே வடிவில் விளக்குகள். எழுத்துத் தெரியாத மீன்பிடிகாரனும் கண்ணால் பார்த்து விளங்கிக்கொள்ள வேண்டும் என்று யோசித்த மூளையை நான் கும்பிடுகிறேன். ஒருமுறை எங்கள் கைத்தொலைபேசிக்கு வந்த கடல் எச்சரிக்கை அப்பாவால் வாசிக்க முடியாத மொழியில் இருந்தது. வாடியில் இருந்த பத்துப் பேரும் போனை ஆளாளுக்குக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஒரு கூம்பு ஏற்றியிருந்தால் விளங்கியிருக்கும்.

அதே வருடம் ஓகஸ்ட் 1ஆம் திகதி டைம்ஸ் பத்திரிகையில் பொதுமக்களுக்கான முதல் வானிலைக் கூற்று வந்தது. அதற்கு forecast என்ற சொல்லையும் அவரே புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இது தீர்க்கதரிசனம் அல்ல, கணக்குப் போட்டுச் சொல்கிற ஓர் அபிப்பிராயம் என்பது அந்தச் சொல்லுக்கு அவர் தந்த விளக்கம். நாங்கள் பாவிக்கிற எதிர்வுகூறல் என்ற சொல் அதற்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது. குறி சொல்வதல்ல. எதிரே வருவதைக் கூறுவது.

பிழைத்த நாட்களில் பத்திரிகைகள் நையாண்டி பண்ணின. விஞ்ஞானிகள் சிலர், ஆதாரம் போதாமல் பேசுகிறார் என்றார்கள். செவிகேட்கும் தன்மை குறைந்து, உடல் தளர்ந்து, சொந்தப் பணமெல்லாம் அரச வேலையிலேயே கரைந்து, 1865 ஏப்ரல் 30ஆம் திகதி அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். குடும்பத்துக்கு மிஞ்சியது கடன். நண்பர்கள் பணம் சேர்த்தார்கள். டார்வின் 100 பவுண் கொடுத்தார். அடுத்த வருடம் ஒரு குழு கூடி எச்சரிக்கைச் சேவையை நிறுத்தியது. கடற்கரை விடவில்லை. கூம்பைத் திருப்பி ஏற்றுங்கள் என்று துறைமுகங்களிலிருந்து கேட்டுக் கேட்டு, 1867இல் மறுபடியும் ஏற்ற வைத்தார்கள். 2002இல் பினிஸ்டெரே என்ற கடற்பரப்புக்கு அவருடைய பெயரை வைத்தார்கள். தம்பிக்குக் கேட்டது அதுதான்.

இதைப் படித்த பிறகு வகுப்பில் ஒரு பழக்கம் தொடங்கினோம். என் கைத்தொலைபேசியில் அமுக்கம் அளக்கிற உணரி இருக்கிறது. பிள்ளைகள் முறைவைத்து மில்லிபார் கணக்கைக் கொப்பியில் எழுதுகிறார்கள். முதல் கிழமையே ஒருத்தி ஓடி வந்தாள், "ரீச்சர், இறங்குது, புயல்!" நேரம் பிற்பகல் நாலு. எங்கள் வெப்ப நாட்டில் அமுக்கம் தினமும் இரண்டு தரம் மூச்சு விடும்: காலை பத்துக்கும் இரவு பத்துக்கும் கிட்ட ஏறும், விடியப்புறம் நாலுக்கும் பின்னேரம் நாலுக்கும் கிட்ட இறங்கும். மூன்று மில்லிபார் அளவுக்குள் அடங்குகிற ஏற்ற இறக்கம். அது புயல் இல்லை. நாலு மணிக்குப் பிறகு ஏற வேண்டியது ஏறாமல் விட்டால்தான் பயப்பட வேண்டும்.

2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் வந்த அன்று அது ஏறவில்லை. றேடியோ, தொலைக்காட்சி, கிராமசேவையாளர் எல்லோரும் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் நான் மணிக்கொருதரம் பார்த்தேன். ஐந்து மணி, ஆறு மணி, இறங்கிக்கொண்டே போனது. அண்ணாவும் பக்கத்து வீட்டுப் பெடியங்களும் பைபர் போட்டுகளைப் பனைவரிசைக்கு மேலே இழுத்துக் கட்டிவிட்டு நனைந்து வந்தார்கள். ஒரு வள்ளமும் கடலில் இல்லை.

அப்பா திண்ணையில் இருந்து கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "அலை நீட்டி நீட்டி வருது பாத்தியே" என்றார். பிறகு, "எவ்வளவு நிக்குது?"

சொன்னேன்.

"அந்தக் கப்பல்காரனும் இதைத்தான் பாத்தவனோ?"

"ஓம் அப்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அண்ணா போன நேரம் இது ஒண்டு எங்கட கையில இருந்திருந்தால்..." என்றவர் மிச்சத்தைச் சொல்லாமல், என் அண்ணாவைக் கூப்பிட்டு, போட்டுக் கயிற்றை இன்னொரு முடிச்சுப் போட்டுவிட்டு வரச்சொன்னார்.